உருக் நகரத்துக் கணக்குப்பிள்ளைகள்

எழுத்து பிறந்ததற்குச் சுமேரியர்கள் ஒரு கதை சொன்னார்கள். உருக் நகரத்து அரசன் என்மெர்கர், மலைகளுக்கு அப்பாலிருந்த அரத்தா என்ற செல்வ நகரத்தைப் பணியவைக்க நினைக்கிறான். அங்கிருந்து பொன்னும் வெள்ளியும் நீலக்கல்லும் வந்து தன் ஊர்க் கோயில்கள் ஒளிர வேண்டும் என்பது அவன் ஆசை. தூதன் ஒருவன் மலையேறி இறங்கிப் போவதும் வருவதுமாக இருக்கிறான். இரண்டு அரசர்களும் மாறி மாறிச் சவால் விடுகிறார்கள். ஒவ்வொரு நடைக்கும் செய்தி நீள்கிறது. கடைசியில் அது தூதனின் நாவுக்கு அடங்காமல் போகிறது, திருப்பிச் சொல்லமுடியாமல் திணறுகிறான். என்மெர்கர் ஒரு பிடி களிமண்ணை எடுத்துத் தட்டிப் பலகையாக்கி, சொற்களை அதில் பதித்துக் கொடுத்தனுப்புகிறான். அதற்கு முன் யாரும் களிமண்ணில் சொல்லைப் பதித்ததில்லை என்கிறது கதை. அரத்தாவின் அதிபதி பலகையை வாங்கிப் பார்த்து முகம் சுளிக்கிறான். அப்போதுதான் பிறந்த எழுத்தை அவன் எங்கே படிக்கக் கற்றான் என்ற கேள்வி கதை சொன்னவருக்கு எழவில்லை.

அரசன் அரசனுக்கு எழுதிய கடிதத்தில் எழுத்து தொடங்கியது என்பது பெருமைக்குரிய பிறப்புதான். ஆனால் அதே உருக் நகரத்தின் மண்ணைத் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது வேறு வரலாறு. அங்கே கிடைத்த மிகப் பழைய பலகைகளில் கடிதம் கிடையாது, போர் கிடையாது, வழிபாட்டுப் பாடல் கிடையாது. இத்தனை அளவை பார்லி வந்தது, இத்தனை ஆடு போனது, இன்னாருக்கு இவ்வளவு பீர் கொடுக்கப்பட்டது: இவைதான். மெசொப்பொத்தாமியாவில் கடிதம் என்ற ஒன்று தென்படத் தொடங்குவது கி.மு. 2400 வாக்கில். அதற்குள் எழுத்துக்கு எண்ணூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

உருக், இன்றைய தெற்கு ஈராக்கில் வார்க்கா என்று அழைக்கப்படும் மேடு. ஜெர்மானியத் தொல்லியலாளர்கள் 1912இல் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். முதல் உலகப்போர் குறுக்கிட, 1928இல் மீண்டும் வந்தார்கள். இனன்னா தெய்வத்துக்குரிய ஏ-அன்னா கோயில் வளாகத்தில் பலகைகள் வெளிப்பட்டன. இன்றுவரை அங்கே கிடைத்தவை முழுதும் துண்டுமாகச் சுமார் 5,000. காலம் ஏறக்குறைய கி.மு. 3350 முதல் 3000 வரை. இதைவிடத் துல்லியமாகச் சொல்ல வழியில்லாததற்கு ஒரு காரணம் உண்டு. பலகைகள் எதுவும் எழுதப்பட்ட இடத்தில் இல்லை. கணக்கு முடிந்ததும் குப்பையில் கொட்டப்பட்டு, பின்னர் வந்த கட்டடங்களுக்கு அடியில் பள்ளம் நிரப்பும் மண்ணாகிக் கிடந்தன. மனித குலத்தின் முதல் எழுத்து நமக்குக் கிடைத்திருப்பது அதை எழுதியவர்கள் வேண்டாமென்று எறிந்ததால்தான்.

அந்த நகரம் அன்றைய உலகத்துக்குப் புதிது. பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில், ஒருவரையொருவர் அறியாமல், கோயிலின் நிலத்திலும் மந்தையிலும் பட்டறையிலும் வேலை செய்தார்கள். அவர்களுக்குப் படியளக்க வேண்டியிருந்தது. உருக் காலத்து மேடுகளில் ஒரே மாதிரியான கிண்ணங்கள் கூடைகூடையாகக் கிடைக்கின்றன. அச்சில் அமுக்கி அவசரமாகச் செய்யப்பட்ட முரட்டு மண் கிண்ணங்கள், விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டவை. தினப்படி அளக்கும் கிண்ணம் என்று சிலரும், ரொட்டி சுடும் அச்சு என்று சிலரும் சொல்கிறார்கள். எதுவானாலும் அந்தக் கிண்ணத்தின் வடிவமே எழுத்திலும் ஏறிவிட்டது: கிண்ணம் வரைந்தால் ரொட்டி அல்லது படி, ஒரு மனிதத் தலையை அதன் அருகே வரைந்தால் உண்பது.

பலகைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் ஒன்று உண்டு. இரண்டு குறிகள், "குஷிம்" என்று படிக்கப்படுகின்றன. பார்லியும் முளைகட்டிய தானியமும் அவர் பொறுப்பில் இருந்தன. பீர் காய்ச்சுவதற்கான சரக்கு. ஒரு பலகை 37 மாதங்களில் 29,086 அளவை பார்லியை அவர் பேரில் எழுதிவைத்திருக்கிறது. குஷிம் என்பது ஆளின் பெயரா, பதவியின் பெயரா, அலுவலகத்தின் பெயரா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. ஆள்தான் என்றால், வரலாற்றில் எழுதப்பட்ட முதல் சில பெயர்களில் அவருடையதும் ஒன்று. அந்த வரிசையில் ஒரு பேரரசனையோ ஞானியையோ எதிர்பார்த்தவர்கள் சாராயக் கிடங்கின் பொறுப்பாளரோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

இந்தக் கணக்குகளைப் படிப்பதில் ஒரு வினோதமான தடை இருந்தது. எண்கள் பிடிபடவில்லை. பெர்லினில் ஹான்ஸ் நிஸ்ஸன், பீட்டர் டாமரோ, ராபர்ட் எங்லண்ட் ஆகிய மூவரும் பல ஆண்டுகள் கூட்டல் தொகைகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு விடையைக் கண்டார்கள். உருக்கில் ஒரே எண்முறை இல்லை. ஏறத்தாழ ஒரு டஜன் இருந்தன. ஆடுகளையும் ஆட்களையும் எண்ணும்போது, வட்டமாக அழுத்திய சிறு குறி ஒன்று பத்து சிறு குறிகளுக்குச் சமம். அதே வட்டம் பார்லி அளக்கும்போது ஆறுக்குச் சமம். நிலம் அளக்கும்போது பதினெட்டு. குறியைப் பார்த்து எண் தெரியாது. எதை எண்ணுகிறோம் என்று தெரிந்தால்தான் தெரியும். எதையும் சாராத தூய எண் என்ற கருத்து அந்தக் கணக்குப்பிள்ளைகளிடம் இன்னும் பிரிந்து நிற்கவில்லை என்று டாமரோ வாதிட்டார்.

எண்ணுக்கும் பொருளுக்கும் இடையிலிருந்த இந்த ஒட்டுறவு எங்கிருந்து வந்தது? பதில் எழுத்துக்கு முந்தைய காலத்தில் இருக்கிறது.

மேற்காசியாவின் பழைய குடியிருப்புகளில் கூம்பு, கோளம், வட்டு, உருளை எனச் சிறுசிறு களிமண் உருக்கள் கிடைப்பது தொல்லியலாளர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். விளையாட்டுக் காய் என்றோ தாயத்து என்றோ குறித்துவைத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். துப்பு முதலில் வந்தது வேறு இடத்திலிருந்து. வடக்கு ஈராக்கின் நூசி என்ற இடத்தில் முட்டை வடிவில், உள்ளீடற்ற களிமண் கூடு ஒன்று கிடைத்திருந்தது. மேலே செம்மறிகளும் வெள்ளாடுகளும் வகைவாரியாக எழுதப்பட்டிருந்தன. உள்ளே சிறு கற்கள். அது மிகவும் பிந்தியது, கி.மு. இரண்டாம் ஆயிரத்தைச் சேர்ந்தது. 1959இல் லியோ ஓப்பன்ஹைம் அதைப்பற்றி எழுதினார்: எழுத்தறிந்த அலுவலரும் எழுத்தறியாத இடையனும் ஒரே கணக்கை இரண்டு வழியில் வைத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் பியர் அமியே, ஈரானின் சூசாவில் கிடைத்த, அதைவிட ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழமையான கூடுகளும் இதே வேலைக்குத்தான் என்று சொன்னார். பிறகு டெனிஸ் ஷ்மாண்ட்-பெசரா அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகப் போய், 8,000க்கு மேற்பட்ட உருக்களைப் பதிவுசெய்தார். கி.மு. 8000 வாக்கில், வேளாண்மை வேர்பிடித்த காலத்திலிருந்தே மக்கள் இவற்றை வைத்துத் தானியத்தையும் கால்நடையையும் எண்ணினார்கள் என்பது அவர் முடிவு.

அவர் காட்டிய படிகள் எளியவை. கடனோ கப்பமோ இருந்தால் அதற்குரிய உருக்களைக் களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை உருளையை உருட்டினார்கள். மூடிய பிறகு உள்ளே எத்தனை என்று பார்க்க உடைக்க வேண்டுமே! அதற்காக மூடுவதற்கு முன் உருக்களை வெளிப்பரப்பிலும் அழுத்திவைத்தார்கள். வெளியே தடம் இருக்கும்போது உள்ளே உரு எதற்கு என்ற எண்ணம் ஒருநாள் யாருக்கோ வந்திருக்க வேண்டும். உருண்டை தட்டையானது, பலகை பிறந்தது. எண் தடங்கள் மட்டும் உள்ள பலகைகள் சூசாவிலிருந்து சிரியாவின் ஹபூபா கபீரா வரை கிடைத்திருக்கின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் எதை எண்ணினோம் என்று கீறத் தொடங்கியபோது எழுத்து வந்தது.

இந்த விளக்கத்தின் முதல் பாதியை, அதாவது எண் குறிகள் அந்த உருக்களிலிருந்து வந்தன என்பதை, இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இரண்டாம் பாதி அவ்வளவு உறுதியானதில்லை. கோடுகளும் புள்ளிகளும் போட்ட சிக்கலான உருக்களே "ஆடு", "எண்ணெய்", "துணி" முதலிய எழுத்துக்குறிகளாக மாறின என்று ஷ்மாண்ட்-பெசரா சொன்னதை, கண்டனக்காரர்கள் எண்ணிக்கையை வைத்தே மடக்கினார்கள். எழுத்தில் அடிக்கடி வரும் செம்மறி ஆட்டுக்குறிக்கு இணையென்று காட்டப்பட்ட உரு, தோண்டிய இடங்களில் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. ஆடு இல்லாமலா அத்தனை ஆயிரம் ஆண்டுகள் இடையர்கள் கணக்கு வைத்தார்கள்? நூற்றுக்கணக்கான குறிகள் உருக் பலகைகளில் ஏறக்குறைய ஒரே வேளையில் தோன்றுகின்றன. மெல்ல மெல்ல வளர்ந்ததைவிட, சில அலுவலர்கள் உட்கார்ந்து வகுத்த ஏற்பாடு போலவே அது தெரிகிறது.

குறிகளைக் கூர்முனையால் கீறினால் ஈரக் களிமண்ணில் பிசிறு கட்டும். அடுத்த தலைமுறைகள் நாணல் தண்டின் விளிம்பை அழுத்தி எழுதப் பழகினார்கள். வளைவுகள் மறைந்தன; ஆப்பு வடிவத் தடங்கள் வந்தன. கொஞ்ச காலத்தில் மாட்டுத்தலை மாட்டுத்தலையாகத் தெரியவில்லை, மீன் மீனாகத் தெரியவில்லை. படம் மறைந்தது இழப்பென்று தோன்றலாம். உண்மையில் அதற்குள் எழுத்துக்குப் படம் தேவைப்படாத நிலை வந்துகொண்டிருந்தது. சுமேரிய மொழியில் அம்புக்கும் வாழ்வுக்கும் ஒலி ஒன்றே: "தி". வாழ்வை எப்படி வரைவது? அம்பை எழுதினால் போதும். ஒரு பொருளின் குறி, அதன் ஒலிக்காக மட்டும் வேறு சொல்லுக்குக் கடன் கொடுக்கப்பட்ட இந்த இடத்தில்தான் கணக்குக் குறிப்பு மொழியை எழுதும் கருவியாகிறது. ஆட்பெயர்களை எழுத வேண்டிய கட்டாயம் இதைத் தூண்டியிருக்கும். பார்லியை வரைந்துவிடலாம், பார்லி வாங்கியவனின் பெயரை வரைய முடியாது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த உத்தி சிந்துவெளி விவாதத்தின் வழியாக ஏற்கெனவே அறிமுகம். சிந்து முத்திரைகளின் மீன் குறியை விண்மீன் என்று படிக்கலாம், ஏனெனில் திராவிட மொழியில் இரண்டும் "மீன்" என்று ஹெராஸ் பாதிரியார் சொன்னார். அஸ்கோ பார்ப்போலா அதை விரித்தார். சிந்து எழுத்து இன்னும் படிக்கப்படாத நிலையில் அது ஊகமாகவே நிற்கிறது. இரண்டு நாகரிகங்களும் ஒன்றையொன்று அறிந்திருந்தன என்பது மட்டும் ஊகமில்லை. சிந்துவெளிப் பாணி முத்திரைகள் உர் நகரத்தில் கிடைத்துள்ளன. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அக்காத் காலத்து முத்திரை உருளை ஒன்று தன் உரிமையாளனை ஷூ-இலிஷு, மெலுகா மொழிக்கு மொழிபெயர்ப்பாளன் என்று அறிவிக்கிறது. மெலுகா என்பது சிந்துவெளி என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவன் எதையாவது இரண்டு எழுத்திலும் எழுதிவைத்திருந்தால் இன்று எத்தனையோ பேருக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

எழுத்து வந்தாயிற்று. நூல் எப்போது வந்தது?

உருக் பலகைகளில் பெரும்பகுதி கணக்கு என்றாலும், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வேறு வகை. அவை பட்டியல்கள். மரங்கள், மீன்கள், பறவைகள், பாத்திரங்கள், ஊர்கள், தொழில்கள் என்று வகைப்படுத்தி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட சொற்கள். எவருக்கும் எதையும் கொடுக்காத, எவரிடமும் எதையும் வாங்காத பலகைகள். கணக்குப்பிள்ளைகளைப் பயிற்றுவிக்க இவை உண்டாக்கப்பட்டன என்பதுதான் பொருந்தும் விளக்கம். தொழில்களின் பட்டியல் மிகப் புகழ்பெற்றது. உயர்ந்த பதவியில் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட பதவிகளும் தொழில்களும் அதில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பின்வந்தவர்கள் வரிசைகூட மாறாமல் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் படியெடுத்தார்கள். அதற்குள் அந்தப் பதவிகள் பல வழக்கொழிந்து போயின, சொற்களின் பொருள் யாருக்கும் தெரியாமலே போயிற்று. படியெடுப்பது நிற்கவில்லை. 1975இல் சிரியாவின் எப்லாவில் பாவ்லோ மத்தியே தலைமையிலான இத்தாலியக் குழு அரண்மனை ஆவணக்கூடத்தைக் கண்டுபிடித்தபோது, ஏறத்தாழ கி.மு. 2300இல் அங்கே நேர்ந்த தீயில் தட்டுகளிலிருந்து சரிந்து வரிசையாகக் கிடந்த பலகைகளுக்கு நடுவே உருக்கின் இதே பட்டியல்கள் இருந்தன. அவற்றோடு சுமேரியச் சொற்களுக்கு உள்ளூர் மொழியில் பொருள் எழுதிய பட்டியல்களும் இருந்தன. உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய இருமொழி அகராதி அதுதான்.

நூலுக்கு என்ன இலக்கணம் வகுத்தாலும், ஒரு வேளையின் தேவையோடு முடிந்துபோகாமல், படியெடுத்துப் படியெடுத்துத் தலைமுறைகளைக் கடக்கும் எழுத்து என்பது அதில் இருந்தாக வேண்டும். அப்படிப் பார்த்தால் மனிதனின் முதல் நூல் காவியமோ மந்திரமோ இல்லை. வேலையின் பெயர்களைச் சொல்லும் ஒரு பாடப் பட்டியல்.

பாட்டும் கதையும் எழுத்தில் ஏற இன்னும் ஏழு நூற்றாண்டுகள் பிடித்தன. ஷுருப்பக் என்ற பழைய நகரத்தின் மேடான ஃபாராவிலும், அமெரிக்கர்கள் 1960களில் தோண்டிய அபு சலாபிக்கிலும் கி.மு. 2600–2500 காலத்துப் பலகைகள் கிடைத்தன. ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்லும் புத்திமதிகளின் தொகுப்பு, கேஷ் நகரத்துக் கோயிலைப் பாடும் துதி, பழமொழிகள் என்று இலக்கியம் அங்கேதான் முதன்முதலாகத் தென்படுகிறது. இந்த நீண்ட தாமதத்தைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. பாட்டுக்கு எழுத்து தேவைப்படவில்லை. நினைவும் குரலும் அதை நன்றாகவே தாங்கின. எழுதப்பட்டபோதும் முழுதாக எழுதப்படவில்லை. வேற்றுமை உருபுகளும் வினைவிகுதிகளும் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். ஒரு கட்டத்துக்குள் குறிகள் வாசிக்கும் வரிசையில்கூட இருக்காது. பாட்டு ஏற்கெனவே தெரிந்தவனுக்கு நினைவூட்டல், தெரியாதவனுக்குப் புதிர். பின்னாளைய முழுமையான படிகள் கிடைத்திராவிட்டால் இவற்றை இன்று எவராலும் படித்திருக்க முடியாது.

அந்தப் பின்னாளைய படிகளை எழுதியவர்கள் யார் என்பதில்தான் விஷயம் சுவைக்கிறது.

என்ஹெதுவான்னாவை எடுத்துக்கொள்வோம். அக்காதின் பேரரசன் சார்கோனின் மகள், உர் நகரத்து நிலவுத் தெய்வத்தின் தலைமைப் பூசாரி, கி.மு. 2300 வாக்கில் வாழ்ந்தவர். 1920களில் லியனார்டு வுல்லி உர் நகரத்தில் கண்டெடுத்த வெண்கல் வட்டில் அவருடைய உருவமும் பெயரும் இருக்கின்றன. இப்போது அது பிலடெல்பியாவில். இனன்னாவைப் போற்றும் பாடல்களும் கோயில் துதிகளின் தொகுப்பும் அவர் பெயரில் வழங்குகின்றன. உலகின் முதல் பெயர் தெரிந்த ஆசிரியர் என்ற பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அவர் காலத்துப் பலகையில் அவர் பாடல் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. பெரும்பாலான படிகள் அவருக்கு ஐந்நூறு ஆண்டுகள் பிந்தியவை. அவர்தான் எழுதினாரா, அவர் பெயரில் பின்னால் எழுதப்பட்டதா என்ற விவாதம் அதனால்தான் ஓயவில்லை.

அந்தப் படிகள் வந்த இடங்களில் ஒன்றைத் துல்லியமாகவே தெரியும். நிப்பூர் நகரத்தில் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் குழு தோண்டிய ஒரு சின்ன வீடு. ஆய்வாளர்கள் வைத்த பெயர் "எஃப் வீடு". மூன்று நான்கு அறைகள், ஒரு முற்றம். அங்கே கி.மு. 1740களில் பள்ளி நடந்தது. சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் திண்ணைக்குள்ளும் கட்டுமானச் சரக்காகத் திணிக்கப்பட்டு 1,400 அளவில் பலகைத் துண்டுகள் கிடந்தன. அவற்றை முழுதாக ஆராய்ந்த எலினோர் ராப்சன், ஏறக்குறைய பாதி இலக்கியம், பாதி தொடக்கப்பாடம் என்று கண்டார். பழைய பலகைகளை ஊறவைத்துப் பிசைந்து புதுப் பலகை செய்வதற்கான கீல் பூசிய தொட்டியும் அங்கே இருந்தது. எண்பது வெவ்வேறு இலக்கியப் படைப்புகள், ஒரு சின்ன வீட்டில், சிறுவர்களின் கையெழுத்தில்!

பாடத்திட்டத்தைப் பலகைகளை வைத்தே அடுக்கிவிட்டார்கள். முதலில் ஆப்புத் தடம் பதிக்கப் பழகுவது. பிறகு அசைகள், ஆட்பெயர்கள், ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட பொருட்பட்டியல்கள், வாய்ப்பாடு, மாதிரி ஒப்பந்தங்கள், பழமொழிகள். இதையெல்லாம் கடந்தவனுக்கே துதிப்பாடலும் காவியமும். ஆசிரியர் ஒரு பக்கம் எழுதிக்கொடுக்க, மாணவன் எதிர்ப்பக்கத்தில் பார்த்தெழுதிய பலகைகள் ஏராளம். நிப்பூர்ப் பலகை ஒன்றில் பல் பதிந்த தடம் இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பல்லாக இருக்கலாம் என்கிறார்கள். பாடம் எழுதும் அலுப்பில் கடித்தானோ, பசியோ. பள்ளி வாழ்க்கையைப் பற்றி அந்தப் பள்ளியிலேயே படியெடுக்கப்பட்ட நகைச்சுவைக் கதை ஒன்றை சாமுவேல் நோவா கிரேமர் 1949இல் வெளியிட்டார். நாள் முழுதும் ஒவ்வொரு குற்றத்துக்கும் அடிவாங்கும் மாணவன், ஆசிரியரை வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கும்படி தந்தையிடம் சொல்கிறான். சாப்பாடும் புத்தாடையும் மோதிரமும் கிடைத்த ஆசிரியர், நீயே கெட்டிக்காரன் என்று அவனை வாழ்த்திவிட்டுப் போகிறார்.

அந்தச் சிறுவர்கள் வீட்டில் பேசியது அக்காதிய மொழி. சுமேரியம் தெருவில் பேசும் மொழியாக அதற்குள் அநேகமாக மறைந்துவிட்டிருந்தது. பேச ஆளிருந்தவரை வாயில் வாழ்ந்த இலக்கியம், பேச ஆளில்லாதபோது கற்பிக்கப்பட வேண்டியதாயிற்று. கற்பிக்க வேண்டியிருந்ததால் முழுதாக, உருபு விடாமல் எழுதப்பட்டது. இன்று நமக்குக் கிடைக்கும் சுமேரிய இலக்கியத்தின் மிகப் பெரும் பகுதி இந்த நூற்றாண்டுகளின் பள்ளிப் பயிற்சிதான். என்மெர்கர் எழுத்தைக் கண்டுபிடித்த கதையும் அப்படித்தான் வந்து சேர்ந்தது. கணக்குப்பிள்ளையாகப் போகிற பையன்களிடம், உன் தொழில் அரசன் கண்டுபிடித்தது என்று சொல்லும் கதைக்கு அந்த வகுப்பறையில் நல்ல மதிப்பு இருந்திருக்கும்.

எழுத்து எல்லா இடத்திலும் கணக்கில்தான் தொடங்கியது என்று முடிவுகட்ட வேண்டாம். எகிப்து ஓரளவு ஒத்துப்போகிறது. அபிடோஸில் குந்தர் டிரையர் 1988இல் கண்டறிந்த அரச கல்லறையில், கி.மு. 3200ஐ ஒட்டிய காலத்தைச் சேர்ந்த எலும்பு, தந்தச் சிட்டைகள் துளையிட்டுக் கிடைத்தன. சரக்கில் கட்டிவிடும் அடையாளச் சீட்டுகள். சக்காராவில் ஹெமகா என்ற முதல் வம்சத்து அதிகாரியின் கல்லறையில் இருந்த பாப்பிரஸ் சுருள்தான் உலகின் மிகப் பழையது. அதில் ஒன்றும் எழுதப்படவில்லை. எழுதிய பாப்பிரஸில் மிகப் பழையவை செங்கடல் கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் பியர் தாலே குழுவுக்குக் கிடைத்தன. குஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவந்த படகுக் குழுவின் தலைவன் மெரெர் வைத்திருந்த நாட்குறிப்பும், உணவுப் பங்கீட்டுக் கணக்குகளும். சீனம் மட்டும் வேறு பாதை காட்டுகிறது. அங்கே கி.மு. 1250 வாக்கில் எழுத்து நமக்குக் கிடைப்பது குறி கேட்ட எலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும். மூங்கில் பட்டைகளில் கணக்கும் எழுதியிருக்கலாம். மூங்கில் மக்கிவிடும், எலும்பு மக்காது.

பள்ளிகள் பெருகியதும் நூல்களுக்குப் பட்டியல் தேவைப்பட்டது. நிப்பூரில் கிடைத்த, உள்ளங்கையில் அடங்கும் பலகை ஒன்று பொடி எழுத்தில் 62 படைப்புகளை வரிசையிட்டிருக்கிறது. தலைப்பு என்ற வழக்கம் அப்போது இல்லை. ஒவ்வொன்றுக்கும் முதலடியே பெயர், நம் பாட்டு முதற்குறிப்பு அகராதிகளில் இருப்பதைப்போல. நீண்ட படைப்புகள் ஒரு பலகையில் அடங்காதபோது எண்ணிட்டுத் தொடராக்கினார்கள். கில்காமேஷ் காவியத்தின் செந்தர வடிவம் 12 பலகைகள். ஒவ்வொரு பலகையின் இறுதியிலும் அடுத்த பலகையின் முதலடி எழுதப்பட்டிருக்கும். அதன்கீழ் தொடரின் பெயர், பலகை எண், சில நேரம் படியெடுத்தவர் பெயர், எந்த மூலத்தைப் பார்த்து எழுதினார் என்ற விவரம். நூலுக்கு அட்டையும் பக்க எண்ணும் பதிப்புக் குறிப்பும் இப்படித்தான் ஒரே இடத்தில் கூடின.

இவை எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவிக்க ஆசைப்பட்டவன் அசீரிய மன்னன் அஷுர்பனிபால், கி.மு. ஏழாம் நூற்றாண்டில். தனக்குப் படிக்கத் தெரியும் என்பதை அவன் ஓயாமல் சொல்லிக்கொண்டான். சிங்க வேட்டைச் சிற்பத்தில்கூட இடைக்கச்சையில் எழுத்தாணி செருகியிருக்கிறது. அவனுடைய நினிவே நூலகத்தின் வரவுப் பதிவேடுகள் சில மிஞ்சியிருக்கின்றன. பாபிலோனியாவின் கலகத்தை அடக்கிய கையோடு, கி.மு. 647இல் அங்கிருந்து வந்தவற்றில் சுமார் 2,000 களிமண் பலகைகளும் 300 எழுதுபலகைகளும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. படியெடுத்தவர்கள் எல்லோரும் விரும்பி வந்தவர்கள் இல்லை. நிப்பூர் ஆளுநரின் மகன் நினுர்த்தா-கிமில்லி தொடரைப் படியெடுத்து முடித்துவிட்டான், விலங்கிடப்பட்டிருக்கிறான் என்று ஓர் ஆவணம் அலட்டிக்கொள்ளாமல் குறிக்கிறது.

எழுதுபலகை என்பது மரத்திலோ தந்தத்திலோ செய்து, நடுவில் தேன்மெழுகு பூசி, கீல் வைத்து இணைத்த ஏடு. விரிக்கலாம், மடக்கலாம். 1953இல் மாக்ஸ் மாலோவன் நிம்ருத் அரண்மனைக் கிணற்றின் சேற்றில் அப்படிப்பட்ட தந்த ஏடுகள் 16 கண்டெடுத்தார். அசீரிய மன்னன் இரண்டாம் சார்கோனுக்காகச் செய்த வான்குறி நூல், மஞ்சள் மெழுகில் ஆப்பெழுத்து இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்றைய புத்தகத்தின் வடிவத்துக்கு அசீரியர்களிடம் நெருங்கி வருவது இதுதான். ஆனால் நினிவேயின் எழுதுபலகைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கி.மு. 612இல் நகரம் எரிந்தபோது மரமும் மெழுகும் போயின. அதே தீ களிமண்ணைச் சுட்டு உறுதியாக்கியது.

1850 முதல் ஹென்றி லேயர்டும், மோசூலைச் சேர்ந்த ஹொர்முஸ்த் ரஸ்ஸாமும் தோண்டி அனுப்பிய அந்தப் பலகைகளும் துண்டுகளும் 30,000க்கு மேல்; பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, பணத்தாள் அச்சுக்குச் செதுக்கும் தொழில் பழகிய ஜார்ஜ் ஸ்மித், உணவு இடைவேளைகளில் அங்கே போய் ஆப்பெழுத்தைத் தானாகவே கற்றவர். 1872இல் துண்டுகளுக்கு நடுவே கில்காமேஷ் காவியத்தின் பெருவெள்ளக் கதையை அவர் கண்டார். டிசம்பர் 3ஆம் தேதி, பிரதமர் கிளாட்ஸ்டன் உட்கார்ந்திருந்த அவையில் அதை வாசித்தார். விடுபட்ட பகுதியைத் தேட லண்டனின் டெய்லி டெலிகிராப் நாளிதழ் 1,000 கினி கொடுத்து அவரை நினிவேக்கே அனுப்பியது. போன சில நாட்களில் வெள்ளக் கதையின் இன்னொரு துண்டு அவர் கையில் கிடைத்தது. மூன்றாம் பயணத்தில், 1876இல், 36 வயதில் நோயுற்று அலெப்போவில் இறந்தார்.

அவர் தொடங்கிய ஒட்டுவேலை முடியவில்லை. 2011இல் ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் கடத்தல்காரர் ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கிய பலகைகளில் ஒன்று கில்காமேஷின் ஐந்தாம் பலகை. ஃபரூக் அல்-ராவியும் ஆண்ட்ரூ ஜார்ஜும் 2014இல் அதை வெளியிட்டபோது காவியத்துக்கு இருபதுக்குக் குறையாத புதிய அடிகள் சேர்ந்தன. தேவதாரு வனத்தில் குரங்குகளும் பறவைகளும் எழுப்பும் ஆரவாரம் அவற்றில் இருக்கிறது. அந்த வனத்தைப் பாழாக்கிவிட்டோமே என்று கில்காமேஷின் தோழன் எங்கிடு வருந்துவதும் இருக்கிறது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் என்ரிக்கே ஹிமேனெஸ் தலைமையில் 2018 முதல் நடக்கும் திட்டம், உலகின் அருங்காட்சியகப் பெட்டிகளில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைக் கணினியில் ஏற்றி, எது எதோடு ஒட்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒட்டப்படுபவற்றில் ஒரு பகுதி, எழுத்துப் பழகும் பிள்ளைகள் பாதியில் நிறுத்திய பாடப் படிகள்.